எந்த எடிட்டரில் தொடங்குவது? செஞ்சியிலிருந்து ஒரு பழைய கேள்வி

நிரல் எழுதப் பழகுபவர் மொழியைத் தேர்ந்தெடுத்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "எதில் எழுதுவது?" என்பதுதான். கணினித் துறை இதற்கு ஐம்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விஐ, ஈமாக்ஸ் என்ற இரு எடிட்டர்களும் பிறந்த ஆண்டு 1976. இரண்டில் எது மேல் என்று அன்று மூண்ட வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் தனக்கென ஒரு பதிலையும், அந்தப் பதிலுக்கு ஆதரவாளர் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பதில்களை இக்கட்டுரை செஞ்சியில் வைத்துப் பார்க்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கோட்டை நகரத்தை உலகம் அறிந்திருக்கிறது. மராத்தியர் இராணுவ நிலத்தோற்றங்கள் என்ற தொகுப்பின் பகுதியாக அதன் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. ஆனால் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. மேற்படிப்புக்கும் பயிற்சி வகுப்புக்கும் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று பேருந்து ஏறும் பிள்ளைகள் இங்கு ஏராளம். அதே மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து, மென்பொருள் வேலை சென்னைக்கு மட்டும் உரியது அல்ல என்ற நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. பெருநகரத்தில் வேலை பார்க்கும் நிரலருக்கு எடிட்டர் என்பது சொந்த விருப்பம். செஞ்சி மாணவருக்கோ அதைப் பெரும்பாலும் வேறு யாராவது தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்: பாடநூல், பள்ளியின் கணினி ஆய்வகம், அரசு தந்த மடிக்கணினி, கையிலிருக்கும் செல்போன். ஆகவே எந்த எடிட்டர் சிறந்தது என்பதோடு, யாருக்கு, எந்தக் கட்டத்தில், எந்தக் கணினியில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

வெறும் எடிட்டரும் கட்டளை வரியும் போதும்

முதல் நிலைப்பாடு மிகப் பழையது. நிரல் என்பது ஓர் உரைக்கோப்பு. அதை எழுத ஓர் எடிட்டர், இயக்க ஒரு கம்பைலர் அல்லது இன்டர்பிரெட்டர், இரண்டையும் இணைக்கக் கட்டளை வரி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது அதன் சாரம். யூனிக்ஸ் உலகத்தில் இது வேரூன்றியது. கென் தாம்சனின் எட், அதிலிருந்து கிளைத்து பில் ஜாய் எழுதிய விஐ, பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் என்று அந்த மரபு நீள்கிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் வளர்த்த ஈமாக்ஸும் கட்டளை வரி உலகத்திலிருந்தே வந்தது. ஆனால் அதன் தத்துவம் வேறு. எடிட்டரையே பயனர் தன் விருப்பப்படி திருத்தி எழுதிக்கொள்ளலாம். அந்த உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்று அது வாதாடியது. 1985இல் வெளிவந்த குனு ஈமாக்ஸ், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்ககால அடையாளங்களில் ஒன்றானது.

இந்த நிலைப்பாட்டின் பலம் இரண்டு. முதலாவது சிக்கனம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய கணினியிலும் விம், நானோ, ஜீனி போன்றவை தங்குதடையின்றி ஓடும். செஞ்சி போன்ற இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது தரப்பட்டவை 2 ஜிபி நினைவகம் கொண்டவை. அண்ணன் அக்காவுக்குக் கிடைத்த கணினியில் தம்பி தங்கை படிப்பது கிராமப்புற வீடுகளில் இயல்பான ஒன்று. இரண்டாவது பலம் கல்வி சார்ந்தது. கோப்பைச் சேமித்தல், கம்பைல் செய்தல், பிழையைப் படித்தல், இயக்குதல் என்ற நான்கு படிகளும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. பின்னால் எந்தக் கருவிக்குப் போனாலும் அதன் பொத்தானுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்பது மாணவருக்குப் புரியும்.

பலவீனமும் வெளிப்படையானது. 1970களின் மெதுவான தொலைபேசி இணைப்புகளில் விசை அழுத்தங்களைச் சிக்கனப்படுத்தவே விஐயின் கட்டளைகள் அத்தனை சுருக்கமாக வகுக்கப்பட்டன. அந்தத் தேவை இல்லாத இன்றைய தொடக்கநிலை மாணவருக்கு அந்தச் சுருக்கம் ஒரு தடை. நிரலாக்கத்தோடு எடிட்டரையும் சேர்த்துக் கற்க வேண்டிய இரட்டைச் சுமை ஏற்படுகிறது. அறிதல்சுமை குறித்து ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த கோட்பாடு இங்கே பொருந்துவதாகக் கருதலாம். புதிய பாடத்தோடு நேரடித் தொடர்பில்லாத சுமை கூடக்கூட, பாடத்துக்கு மிஞ்சும் கவனம் குறையும் என்பது அதன் மையக் கருத்து. தேர்ந்தவர்களின் வேகத்தைக் காட்டி விம்மைத் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாம் ஒரே சூழலில்

எழுத, கம்பைல் செய்ய, பிழை திருத்த எல்லாம் ஒரே திரையில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிலைப்பாடு. ஐடிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலைப் பரவலாக்கிய பெருமை டர்போ பாஸ்கலுக்கு உண்டு. 1983இல் போர்லாண்டு நிறுவனம் அதை 49.95 டாலருக்கு விற்றது. அன்றைய பல கம்பைலர்கள் அதைவிடப் பல மடங்கு விலையில் இருந்தன. பிழை வந்தால் எடிட்டரின் கர்சர் பிழையுள்ள இடத்திலேயே போய் நிற்கும். இந்த ஒரு வசதி கற்றல் முறையையே மாற்றியது. பின்னாளில் விஷுவல் ஸ்டுடியோ 1997இலும், ஐபிஎம் கொடுத்த எக்லிப்ஸ், ஜெட்பிரெயின்ஸின் இன்டெலிஜே ஐடியா இரண்டும் 2001இலும் வந்து, இந்த நிலைப்பாட்டைத் தொழில்துறையின் பொதுவழக்கமாக்கின.

பெரிய நிரல்தொகுப்புகளில் ஐடிஇயின் பயனை மறுப்பது கடினம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரு மாறியின் பெயரை ஒரே நேரத்தில் பாதுகாப்பாக மாற்றுவது, நிரலை வரிவரியாக நிறுத்தி உள்ளே பார்ப்பது ஆகியவற்றை வெறும் எடிட்டரில் செய்யப் பெரும் உழைப்பு வேண்டும். ஆனால் செலவு கணினியின் மேல் விழுகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ குறைந்தபட்சம் 8 ஜிபி நினைவகம் கேட்கிறது. செயலி எழுதக் கற்க விரும்பும் மாணவருக்கு இந்த எண்ணே வாசலை மூடிவிடலாம். கல்வி சார்ந்த ஆட்சேபமும் உண்டு. ரன் பொத்தானை மட்டுமே அறிந்தவர், அந்தப் பொத்தான் இல்லாத கணினியில் நிரலை இயக்கத் திணறுகிறார். இந்த ஆட்சேபம் எல்லா ஐடிஇகளுக்கும் சம அளவில் பொருந்தாது. பாடம் நடத்தும் விதத்தையும் பொறுத்தது அது.

பாடநூல் செய்த தேர்வு

தமிழ்நாட்டில் இந்த விவாதத்தின் உண்மையான களம் வகுப்பறைதான். பாடநூலில் எந்த மென்பொருளின் திரைக்காட்சி அச்சாகிறதோ, அதுவே பல்லாயிரம் மாணவர்களின் முதல் எடிட்டர்.

இந்தியக் கல்லூரி, பள்ளி ஆய்வகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது டர்போ சி++. 1990களின் தொடக்கத்தில் வந்த அந்த மென்பொருள், சி++ மொழிக்கு 1998இல் உலகத் தரநிலை வகுக்கப்படுவதற்கு முந்தியது. டாஸ் காலத்து மென்பொருளை 64 பிட் விண்டோஸில் ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. திரையைத் துடைக்க கிளிர்ஸ்கிர், காத்து நிற்க கெட்ச் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்த கட்டளைகள் தரநிலை சி++இல் இல்லாதவை.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒருவர் 25 மூட்டை நெல் கொண்டுவருகிறார். மூட்டை 1600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகையை ஒரு முழுஎண் மாறியில் பெருக்கிச் சேமித்தால் 40,000 வர வேண்டும். டர்போ சி++ தருவதோ -25,536. அதன் முழுஎண் 16 பிட் அளவுள்ளது. 32,767க்கு மேல் அதில் இடமில்லை. அதைத் தாண்டிய எண் குறைஎண் பக்கம் சுற்றி வந்துவிடுகிறது. இன்றைய கம்பைலரில் அதே நிரல் 40,000 என்றே காட்டும். முழுஎண்ணின் எல்லையைக் கற்பிக்க இது நல்ல எடுத்துக்காட்டாகலாம். ஆனால் யாரும் விளக்காவிட்டால், மாணவர் தன் பெருக்கலைத்தான் சந்தேகிப்பார். கருவியின் வயது மாணவரின் தலையில் பிழையாக விடிகிறது.

2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் டெவ்-சி++க்கு மாறியது. தரநிலை சி++இன் பக்கம் நகர்ந்த அந்த மாற்றம் வரவேற்கத்தக்கது. டெவ்-சி++ இலவசம், சிறியது, இணையம் இல்லாமலே ஓடும், கம்பைலரோடு சேர்ந்தே வரும். ஆனால் பாடநூல் அச்சான நேரத்தில் அதன் பரவலான 5.11 பதிப்புக்கு மூன்று வயது. 2015க்குப் பின் அந்த வரிசையில் புதிய பதிப்பு வரவில்லை. 2020இல் எம்பார்கடேரோ நிறுவனம் தனிக்கிளையாக அதைப் புதுப்பித்தது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தானைக் கற்பிக்க ஐடில் சூழலைக் காட்டியது. பைத்தானை நிறுவும்போது விண்டோஸில் ஐடிலும் கூடவே வந்துவிடுவதால், ஆசிரியருக்குத் தனி நிறுவல் வேலை இல்லை. ஷெல்லில் ஒரு வரி எழுதியதும் விடை கிடைப்பதால் தயக்கமும் குறைகிறது.

பாடநூல் தேர்வுக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரே கருவி என்றால் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே வழிகாட்டுதல் போதும். செய்முறைத் தேர்வும் சீராக நடக்கும். குறை, மாற்றத்தின் வேகத்தில் இருக்கிறது. பாடநூல் திருத்தத்துக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. மென்பொருளோ சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. இதோடு மற்றொரு பழக்கமும் சேர்கிறது. ரெக்கார்டு நோட்டில் நிரலைக் கையால் அழகாக எழுதி, வெளியீட்டை இடதுபக்கம் வரைந்து கையெழுத்து வாங்குவதே பல இடங்களில் ஆய்வக வேலையின் பெரும்பகுதியாகிவிடுகிறது. அப்படி நடக்கும் வகுப்பில் எந்த எடிட்டர் என்ற கேள்விக்கு அதிகப் பொருள் இல்லை. கருவியை மாற்றுவதால் மட்டும் அந்த நிலை மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

கற்போருக்கென்றே அமைந்த சூழல்கள்

தொழில்முறைக் கருவிகளைச் சுருக்கி மாணவருக்குக் கொடுப்பதைவிட, கற்றலுக்கென்றே தனியாகக் கருவி செய்ய வேண்டும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. ஜாவாவுக்காக 1999இல் வெளிவந்த புளூஜே, எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி ஆகியவை இதன் நல்ல எடுத்துக்காட்டுகள். தோனியில் பைத்தானைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. நிரல் ஓடும்போது ஒவ்வொரு மாறியின் மதிப்பும் பக்கத்திலேயே தெரியும். ஒரு கோவையின் உள்ளுறுப்புகள் எந்த வரிசையில் கணக்கிடப்படுகின்றன என்பதையும் படிப்படியாகப் பார்க்கலாம். மடக்குக்குள் எண் எப்படி மாறுகிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் அட்டவணை போட்டுக் காட்டுவதைத் திரையே செய்கிறது.

இதற்கு எதிரான வாதம், இக்கருவிகளை மாணவர் சீக்கிரமே தாண்டிவிடுவார், அப்போது மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும் என்பது. வாதத்தில் உண்மை இருந்தாலும் அதன் எடை குறைவு என்றே தோன்றுகிறது. மாறிகள், மடக்குகள், செயற்கூறுகள் பற்றிய புரிதலை மாணவர் கூடவே எடுத்துச் செல்கிறார். விட்டுச் செல்வது சில மெனுக்களை மட்டும்தான். தமிழ்நாட்டின் பாடநூல் விவாதத்தில் இந்த வகைக் கருவிகளுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

நடுவழியில் விஎஸ் கோடு

மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோடு, எடிட்டருக்கும் ஐடிஇக்கும் இடையே ஒரு வழியைத் திறந்தது. அதன் பின்னணியில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. அதன் குழுவை வழிநடத்திய எரிக் காமா முன்பு எக்லிப்ஸின் ஜாவா கருவிகளில் பணியாற்றியவர். அது எழுதப்பட்ட டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் டர்போ பாஸ்கலைப் படைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். எனவே இதைப் பழைய ஐடிஇ மரபின் எளிமையாக்கப்பட்ட அடுத்த கட்டமாகவும் பார்க்கலாம்.

2016 ஜூனில் அறிவிக்கப்பட்ட எல்எஸ்பி என்ற மொழிச் சேவையக நெறிமுறை, இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக உதவி வசதிகளை எழுத வேண்டியிருந்தது. இப்போது மொழிக்கு ஒன்று எழுதினால் விம், ஈமாக்ஸ், கேட் என எந்த எடிட்டரும் பயன்படுத்தலாம். எடிட்டர்களுக்கு இடையேயான இடைவெளி இதனால் வெகுவாகக் குறைந்தது. எது மேல் என்ற பழைய சண்டையின் பாதிக் காரணங்கள் காலாவதியாயின.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பில் விஎஸ் கோடு 2018இல் ஏறக்குறைய 35 விழுக்காட்டினரோடு முதலிடத்துக்கு வந்தது. 2021 முதல் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. இந்த எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். விரும்பிப் பங்கேற்றவர்களின் கணக்கெடுப்பு அது. ஆங்கிலம் அறிந்த, ஏற்கெனவே நிரலாக்கத்தில் இருப்பவர்களின் பக்கம் சாய்ந்தது. பலர் பயன்படுத்துகிறார்கள் என்பது, தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்பதற்குச் சான்றாகிவிடாது.

குறைகள் மூன்று. ஒன்று, நிறுவியதும் அது முழுமையாக வேலை செய்வதில்லை. மொழிக்கான நீட்சி, கம்பைலர், பாதை அமைப்பு எல்லாவற்றையும் மாணவரே கோக்க வேண்டும். விண்டோஸில் சி++க்கு இது எளிய வேலை அல்ல. இரண்டு, பழைய கணினிகள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி விஎஸ் கோடு 2022 ஜூலையின் 1.70 பதிப்பு. பைத்தானுக்கும் அதில் 3.8தான் எல்லை. மூன்று, உரிமை. மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருந்தாலும், மைக்ரோசாஃப்ட் வழங்கும் தயார்ப் பதிப்புக்கு வேறு உரிமம்; பயன்பாட்டுத் தரவு சேகரிப்பும் உண்டு. இதை ஏற்காதவர்கள் விஎஸ்கோடியம் என்ற மாற்றைப் பயன்படுத்துகிறார்கள். கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் எடிட்டர் பெரும் ஆதரவோடு வளர்ந்து, 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டதையும் நினைவில் கொள்வது நல்லது. ஒரு நிறுவனத்தின் முடிவை மட்டும் நம்பி நிற்கும் கருவியைப் பாடத்திட்டத்தில் ஏற்றுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இந்த உரிமைக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு சுற்றுவட்டார மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தொடர்ந்து கற்பித்துவருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் இவற்றைத் தமிழிலேயே எழுதிச் சேர்த்திருக்கிறது. செஞ்சி மாணவருக்கு எடிட்டரைப் பரிந்துரைக்கும் எவரும் இந்த உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதும் கருவித் தேர்வின் ஒரு பகுதியே.

செல்போனும் உலாவியும்

கணினியே இல்லாதவர் என்ன செய்வார்? இங்கே நான்காவது பதில் வருகிறது: நிறுவவே வேண்டாம், உலாவியில் எழுதலாம். கூகுள் கோலாப் போன்றவை எளிய கணினியையும் பெரிய கணினியின் முனையமாக்குகின்றன. ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு செயலி இணையம் இல்லாமலே பைத்தானை இயக்கும். வேலைவாய்ப்புத் தேர்வுகளும் ஸ்கில்ராக், ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்களின் உலாவி எடிட்டர்களிலேயே நடப்பதால், அந்தப் பழக்கம் நேரடியாகப் பயன்படுகிறது.

ஆனால் போன் திரையில் நிரல் எழுதுவது உடலுக்கும் கவனத்துக்கும் சோதனை. அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அடிக்கோடு ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையின் பக்கத்தை மாற்ற வேண்டும். பைத்தானின் உள்தள்ளலைச் சிறு திரையில் கண்காணிப்பது கடினம். மேகக் கருவிகளுக்கு இடைவிடாத இணையம் வேண்டும். அதோடு நிரல் எங்கே சேமிக்கப்படுகிறது, கோப்பு என்றால் என்ன என்ற அடிப்படை அறிவு நழுவிப்போகும் வாய்ப்பும் இருக்கிறது. நுழைவாயிலாக இவை மதிப்புள்ளவை. முழுப் பயிற்சிக்கும் இவையே போதும் என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது.

எடிட்டரில் நுழைந்த ஏஐ

2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்ததிலிருந்து கேள்வியின் தன்மை மீண்டும் மாறியிருக்கிறது. எடிட்டரே நிரலை எழுதித் தருகிறது. விஎஸ் கோடின் கிளையாக எழுந்த கர்சர் போன்றவை இதையே தம் மையமாக்கின. இனி எடிட்டரின் தேர்வு என்பது ஏஐ உதவியாளரின் தேர்வே என்பார் உண்டு.

ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. கோபைலட்டோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 95 நிரலர்களை வைத்து நடத்திய சோதனையில், உதவியாளரைப் பயன்படுத்தியவர்கள் கொடுத்த பணியை 55.8 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். மாறாக, மெட்ர் அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 பேரிடம் அவர்களுக்கு நன்கு பழகிய நிரல்தொகுப்புகளில் 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, ஏஐ பயன்படுத்திய இடங்களில் 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ தாங்கள் விரைந்ததாகவே நம்பினார்கள். முதல் சோதனை புதிதாகத் தொடங்கிய ஒரே ஒரு சிறு பணியை அளந்தது. இரண்டாவது, பெரிய பழைய தொகுப்புகளை. இரண்டுமே கற்போரைப் பற்றியவை அல்ல.

கற்போரைப் பற்றிய குறிப்பு துருக்கியிலிருந்து வருகிறது. ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடந்த அந்த ஆய்வில், கட்டுப்பாடில்லாத சாட்பாட் உதவி பயிற்சி நேரத்தில் மதிப்பெண்ணை உயர்த்தியது. உதவி விலக்கப்பட்ட தேர்விலோ, அந்த மாணவர்கள் உதவியே பெறாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி வடிவமைத்த உதவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்தது. கணிதத்தில் கண்டது நிரலாக்கத்துக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆயினும் தொடக்க மாதங்களில் எடிட்டரின் தானியங்கிப் பரிந்துரையை அணைத்து வைப்பது விவேகம் என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர் ஒரு பிழைச்செய்தியின் பொருளைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள அதே உதவியாளர் பெருந்துணையாகலாம் என்பதும் உண்மை.

தமிழ் எழுத்து என்ற உரைகல்

உலகளாவிய ஒப்பீடுகளில் இடம்பெறாத ஓர் அளவுகோல் நமக்கு உண்டு: எடிட்டர் தமிழை எப்படிக் கையாள்கிறது? கோட்டைக்கு வருவோருக்கான தகவல் பலகை, ஊராட்சிக் கணக்கு, நெல் வரவுப் பட்டியல் என்று உள்ளூர்த் தேவைக்கு நிரல் எழுத முனையும் மாணவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

செஞ்சி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அது மூன்று எழுத்து: செ, ஞ், சி. பைத்தானின் லென் செயற்கூறு தரும் விடை ஆறு. யூனிகோடு முறையில் ச, எகரக் குறி, ஞ, புள்ளி, ச, இகரக் குறி என்று ஆறு குறியீடுகளாக அது சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். பெயரைத் திருப்பிப் போடும் எளிய பயிற்சியைச் செய்தால் உயிர்க்குறிகள் இடம் மாறிச் சொல் சிதைகிறது. மெய், உயிர்மெய் அறிந்து எழுத்தெண்ண ஓப்பன் தமிழ் போன்ற நிரலகங்கள் தேவைப்படுகின்றன.

எடிட்டர்கள் இதில் ஒன்றுபோல் இல்லை. டர்போ சி++க்கு யூனிகோடே தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கும் முனையங்களில் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டோ சிதறியோ தெரிகிறது. உலாவித் தொழில்நுட்பத்தின் மேல் அமைந்த விஎஸ் கோடின் எழுதும் பகுதி தமிழை ஒழுங்காகக் காட்டினாலும், அதற்குள்ளேயே இருக்கும் முனையத்தில் அந்த ஒழுங்கு குலைகிறது. ஈமாக்ஸ் தமிழ் உள்ளீட்டு முறைகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியோ கட்டளைச் சொற்களையே தமிழாக்கி, ஆங்கிலம் தெரியாமலும் நிரலாக்கத்தின் தர்க்கத்தைக் கற்க முடியும் என்று காட்டியது. எழிலின் குறை, கற்றபின் போக அந்த மொழியில் வேலை உலகம் இல்லை என்பது. முதல் படியாக மட்டும் அதைக் கொள்வோருக்கு இது பெருங்குறை ஆகாது.

என்ன தெளிவு, என்ன மீதம்

நிலைப்பாடுகளை ஒருசேரப் பார்க்கையில் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் ஒரே எடிட்டர் கிடையாது. எல்எஸ்பி வந்தபின் தொழில்முறைக் கருவிகளுக்கு இடையேயான வேறுபாடு, வாதங்கள் காட்டும் அளவுக்குப் பெரியது அல்ல. தொடக்கநிலையில் முக்கியமானவை வேறு: இருக்கிற கணினியில் ஓட வேண்டும், இணையம் இல்லாதபோதும் இயங்க வேண்டும், பிழைச்செய்தி கண்ணில் படவேண்டும், தமிழ் சிதையாமல் தெரிய வேண்டும், விட்டு வெளியேறுவது எளிதாக இருக்க வேண்டும். கடைசி அளவுகோலே மற்றவற்றைவிட எடை மிகுந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒரு கருவியில் கற்றதை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாவிட்டால், அது மாணவருக்குத் தந்த வசதி கடனாகிவிடுகிறது.

இந்த அளவுகோல்களின்படி, பள்ளிக் கட்டத்தில் ஐடிலோ தோனியோ, பழைய கணினியில் சி++க்கு ஜீனியும் கட்டளை வரியும், கல்லூரியில் விஎஸ் கோடு அல்லது விஎஸ்கோடியம், வேலைக்குத் தக்க முழு ஐடிஇ என்று ஒரு படிவரிசை நியாயமாகத் தெரிகிறது. வரிசையில் எங்கிருந்தாலும் ஒரு நிரலையாவது ரன் பொத்தான் இல்லாமல், கட்டளை வரியில் இயக்கிப் பார்த்திருப்பது அடுத்த படிக்குப் போகும் தகுதியாகக் கொள்ளத்தக்கது.

திறந்திருக்கும் கேள்விகளும் கனமானவை. பிழைச்செய்தி தமிழில் கிடைத்தால் தமிழ்வழி மாணவர் எந்த அளவு விரைந்து கற்பார்? ஏஐ உதவியை எந்த வகுப்பில், எந்த வடிவில் திறந்துவிடுவது? 2025-26 நிதிநிலை அறிக்கை கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகளை அறிவித்தது. அவற்றில் எந்த நிரலாக்கச் சூழல் முன்கூட்டியே நிறுவப்பட வேண்டும், அதை யார் புதுப்பிப்பது? இவற்றுக்குப் பெருநகர நிரலர்களின் விருப்பத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. செஞ்சி போன்ற ஊர்களின் வகுப்பறைகளிலேயே, இருவேறு கருவிகளில் கற்ற குழுக்களை ஒப்பிட்டு அளந்தால்தான் பதில் கிடைக்கும். பாடநூல் ஒரு மென்பொருளின் பெயரை அச்சிடுவதோடு நில்லாமல், அது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, மாற்று எது, மாறுவது எப்படி என்பதையும் ஒரு பக்கத்தில் சொல்லலாம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் செய்யக்கூடிய, செலவில்லாத சீர்திருத்தம் அது.